ஒருக்கா அமத்திப்போட்டு மறுக்கா போடு

என் கணவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் காலடி வைத்தபோது அங்கே கரண்டில் ஓடும் சாமான்கள் மூன்று இருந்தன. ஒரு வால்வு ரேடியோ, ஒரு மேஜை ஃபேன், ஒரு இஸ்திரிப் பெட்டி. நான்காவதாக மாவாட்டும் மிசின் வந்தது. நான் சொல்ல வந்தது அந்த மிசினைப் பற்றி. அதற்கு முன்னால் என் கணவரின் வைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது யாருக்கும் புரியாது.

எந்தச் சாமானுக்கு என்ன கோளாறு வந்தாலும் அவரிடம் வைத்தியம் ஒன்றுதான். ரேடியோ கரகரத்தால் சுவிட்சை அணைப்பார், எங்கள் பேச்சில் அமத்துவார். ஃபேன் முக்கினால் அமத்துவார். பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு ஊது ஊதி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்று, மறுபடி சொருகிப் போடுவார். பெரும்பாலும் ஓடிவிடும். ஓடியதும் எங்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஆபரேஷன் முடித்த டாக்டர் கெட்டார். ஓடவில்லையென்றால், "சூடாயிருக்குது, சாயங்காலம் போட்டுக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். சாயங்காலம் அது தானாக ஓடினாலும் பேர் அவருக்குத்தான்.

இந்த வைத்தியம் மில்லில் இருந்து வந்தது. அங்கே மோட்டாருக்குச் சிவப்புப் பொத்தான் ஒன்றும் பச்சைப் பொத்தான் ஒன்றும் உண்டாம். சுமை கூடினால் மோட்டார் தானே நின்றுகொள்ளும். என்ன சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்துவிட்டு, பச்சையை அழுத்தினால் மறுபடி ஓடும். என் வீட்டுக்காரர் பார்ப்பதையும் எடுப்பதையும் மில்லிலேயே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்.

தெருவில் அவருக்கு அதனால் பெரிய மரியாதை. "ஏனுங்க, எங்கூட்டு ரேடியோ ஊமையாயிருச்சுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவர் சாப்பாட்டில் இருந்து கையை எடுக்காமலே, "ஒருக்கா அமத்திப்போட்டு மறுக்கா போடுங்க" என்பார். போனவர்கள் அரைமணி நேரத்தில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கரண்டு அவர் பேச்சைக் கேட்கும் என்றே அந்தத் தெரு நம்பியது. அவரும் அப்படித்தான் நம்பினார்.

நான் பிறந்தது அன்னூருக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமி. எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து சேர நான் கல்யாணமாகிப் போன பிறகும் பல வருஷம் ஆயிற்று. புகுந்த வீட்டில் முதல் முறை லைட்டைப் போடச் சொன்னபோது, பயத்தில் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். போயும் போயும் அதை என் மாமியார் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்தக் கதை. "எங்கம்மணி லைட்டப் போட்டா நீங்க பாக்கோணும்" என்று ஆரம்பித்து, தன் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி நடித்தும் காட்டுவார். நானும் உடன் சிரிப்பேன். புது மருமகள் வேறு என்ன செய்வாள். ஆனால் அந்தச் சிரிப்பிலேயே எனக்கு முத்திரை குத்திவிட்டார்கள். சோறு நன்றாக ஆக்குவாள், மாடு கறப்பாள், கரண்டு சமாச்சாரத்தில் மட்டும் இவள் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று.

மிசின் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அப்போது ஓட்டல்காரர்களிடம்தான் அது இருந்தது. என் கணவர் அதைக் கடையில் வாங்கவில்லை, தாமே செய்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் பழைய அரை எச்.பி. மோட்டார் ஒன்று, கல் கொத்துகிறவர்களிடம் சொல்லி ஓர் ஆட்டாங்கல், பட்டறையில் வெல்டு வைத்த இரும்புச் சட்டம், மில்லில் கழித்துப்போட்ட பெல்ட். ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து நாலைந்து மாதம் பாடுபட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர்தான். வீட்டுக்குப் பின்புறம், குளிக்கவும் துவைக்கவும் இருந்த பொடக்காளிக்குப் போகும் கதவையொட்டி, கூரை இறக்கிய ஒரு சாய்ப்பு இருந்தது. அங்கே வைத்துச் சூடம் காட்டி ஓட்டினார். தெருவே வந்து பார்த்தது.

அதுவரைக்கும் இட்லி என்பது எங்கள் பக்கத்தில் நோம்பி, பண்டிகைக்கு மட்டும் செய்கிற பண்டம். மிசின் வந்த பிறகு வாரத்தில் நாலு நாள் இட்லி, தோசை. அதோடு விட்டதா. என் மாமியார் வாசலில் நின்று, "எங்கூட்டு மிசினுல வந்து ஆட்டிக்கங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். அமாவாசை, கிருத்திகை என்றால் ஊறவைத்த அரிசி நிறைந்த போசிப் பாத்திரங்கள் சாய்ப்பில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். கொண்டு வந்தவர்கள் முன்னறையில் மாமியாரோடு பழமை பேசிக்கொண்டிருப்பார்கள். தள்ளிவிட்டு, வழித்து, கல்லைக் கழுவி, அடுத்த போசியைப் போடுவது நான். "மிசினு ஆட்டுது, உனக்கென்னம்மணி நோவு" என்பார் மாமியார்.

முதல் தடவை அது என்னைப் பிடித்தது ஐப்பசி மழையின்போது. சாய்ப்பின் தரை சிமெண்டுத் தரை, எப்போதும் ஈரம். ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையை இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தேன். விரல் நுனியில் இருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறிற்று. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன்.

"அத்தை, மிசினு கரண்டு அடிக்குதுங்க" என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "ஈரக் கையில தொட்டிருப்ப. தொடச்சுப்போட்டுத் தொடு" என்றார். மாவாட்டுகிறவள் கை எப்படி ஈரமில்லாமல் இருக்கும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

என் கணவர் மில்லில் இருந்து வந்ததும் சொன்னேன். வந்த கோலத்திலேயே, சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ப்புக்கு வந்தார். அமத்தினார், பிளக்கைப் பிடுங்கினார், ஊதினார், கடிகாரம் பார்த்தார், சொருகினார், போட்டார். சட்டத்தின் மேல் தைரியமாக உள்ளங்கையை வைத்தார்.

"எங்க புள்ள அடிக்குது?"

"அடிச்சுதுங்க. கீழயே உழுந்துட்டேன்."

"இப்பத் தொடு பாக்கலாம்."

தொட்டேன். ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். "பயந்தவளுக்குத் தொட்டதெல்லாம் கரண்டு" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

எட்டு நாள் சும்மா இருந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி பிடித்தது. மறுபடி சொன்னேன். மறுபடி அதே வைத்தியம். இந்தத் தடவை அவர் வைத்தியம் முடிந்த பிறகும் எனக்கு அடித்தது. அவருக்கு அடிக்கவில்லை. அவர் கை வைத்துக்கொண்டே இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. நான் தொட்டால் துள்ளுகிறேன். பக்கத்தில் நின்ற மாமியார் வாயைக் கோணிக்கொண்டு, "ஆட்டறதுக்கு வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லோணும். கரண்டு மேல எதுக்குப் பழி போடறது" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையைப் பொடக்காளியில் துணி துவைக்கும் கல்லிடம் போய்த்தான் அழுதேன்.

ஆனால் அழுதுகொண்டே யோசிக்கவும் செய்தேன். அவரைத் தொடாதது என்னை ஏன் தொடுகிறது. அவருக்கும் எனக்கும் அந்த இடத்தில் என்ன வித்தியாசம். அடுத்த நாள் அவர் சாய்ப்பில் நின்றபோது அவர் காலைப் பார்த்தேன். டயர் செருப்பு. மில்லில் இருந்து வந்ததும் கழற்றாமல் அப்படியே வருகிறார். நான் வெறுங்காலில், ஈரத் தரையில்.

அந்த நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் செருப்புப் போட்டதில்லை. கோயம்புத்தூர் டவுனுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொண்டார்கள், மாமியார் முன்னால் வீட்டுக்குள் யாரும் போட்டதில்லை. அதுவும் மாவாட்டுகிற இடத்தில் செருப்பு என்றால் அந்த மாவைச் சாமிக்குப் படைக்க முடியாது. சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நின்று பார்த்தேன். இரண்டு போசி ஆட்டுவதற்குள் சாக்கு நனைந்துவிடும், பிறகு அதுவும் தரையும் ஒன்றுதான். கடைசியில் ஒரு நாள், அவர் வாரவிடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானம், அவருடைய டயர் செருப்பை எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு மிசினைத் தொட்டேன். அடிக்கவில்லை. கழற்றிவிட்டுத் தொட்டேன். அடித்தது. மறுபடி மாட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் எழுந்ததும் இதைச் செருப்போடும் வெறுங்காலோடும் செய்து காட்டிவிடலாம், இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

திரும்பினால் வாசற்படியில் மாமியார்.

"அய்யய்யோ. புருசன் செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கறாளே" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். என் கணவர் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடி வந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன், செருப்புப் போட்டால் அடிக்கவில்லை, கழற்றினால் அடிக்கிறது, நீங்களே பாருங்கள் என்று. ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. மிசினைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவே இல்லை. பேசியதெல்லாம் செருப்பைப் பற்றி. ஆட்டிய மாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவர் என்னிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், "உனக்கு என்ன கெரகம் புள்ள, ஊருக்குள்ள தலை காட்ட முடியாமப் பண்ணிப்போட்ட" என்றார்.

நோம்பிக்கு ஊருக்குப் போனபோது என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையை எடுத்து விரல்களைத் தடவிப் பார்த்தார். "போற எடத்துல கொஞ்சம் முன்ன பின்னத்தான் இருக்கும் கண்ணு. அனுசரிச்சுக்கோ" என்றார். கரண்டை எப்படி அனுசரிப்பது என்று அவருக்கும் தெரியாது. அவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் நான் யாரிடமும் சொல்வதை நிறுத்தினேன். ஆனால் கவனிப்பதை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் பிளக் சொருகும் இடம் இரண்டே. முன்னறையில் ரேடியோவுக்கு ஒன்று, சாய்ப்பில் ஒன்று. அவர் வேலைக்குப் போகும் முன் சாய்ப்பில்தான் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மிசின் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவார், முடிந்ததும் மறுபடி மிசினைச் சொருகிவிட்டுப் போவார். மிசின் பிளக் பழுப்பு நிறம், ஒரு பக்கம் கொஞ்சம் உடைந்து மூக்கறுந்திருக்கும். அந்த உடைந்த பக்கம் மேலே இருக்கும் நாளில் எனக்கு அடிக்கவில்லை. கீழே இருக்கும் நாளில் அடித்தது. ஒரு மாதம் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மனசு கேட்காமல் ஒரு முறை, கடைசி முறை, அவரிடம் சொன்னேன். சொன்ன நேரம் சரியில்லை. மில்லில் இருந்து அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன், அது என் தப்பு.

"பிளக்கத் திருப்பிச் சொருகுனா அடிக்கறதில்லீங்க" என்றேன்.

அவர் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நேத்து வரைக்கும் சிம்னி வெளக்குல இருந்தவ, கரண்டுக்கு மேலு கீழு சொல்றா பாத்தீங்களா" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் காபிப் புரை ஏறி இருமினார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் கணவர் அதை வெறுப்பில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். எனக்கு அறிவு இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றைக்கே என் சாந்துக் கிண்ணத்தில் இருந்து ஒரு பொட்டு எடுத்து பிளக்கின் உடைந்த பக்கத்தில் வைத்தேன். தினமும் அவர் சைக்கிளில் ஏறித் தெருமுனை திரும்பியதும் சாய்ப்புக்குப் போவேன். பொட்டு கீழே இருந்தால் சுவிட்சை அமத்தி, பிளக்கைத் திருப்பிச் சொருகி, மறுபடி போடுவேன். அவருடைய வைத்தியம்தான், ஆனால் நான் தெரிந்து செய்தேன். அதன் பிறகு எனக்கு ஒரு நாளும் அடிக்கவில்லை. அவள் பயம் தெளிந்துவிட்டது என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். தன் மகனின் கைராசியைப் புகழ்ந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படியே ஓடிற்று.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள். விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மாமியாருக்குக் காலையில் இருந்தே என் மேல் எரிச்சல். முந்தின நாள் இட்லி கல்லாக இருந்ததாம். இருந்தது உண்மைதான், உளுந்து பத்தவில்லை, அவர் அளந்து கொடுத்த உளுந்து. அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். தலையில் ஈரத் துண்டு, சேலை முந்தானையில் தண்ணீர் சொட்டுகிறது. நேராகச் சாய்ப்புக்கு வந்தார்.

"நீ அக்கட்ட போ. இன்னைக்கு நானே ஆட்டிக்கறேன். மாவாட்டறது எப்படீன்னு உக்காந்து பாரு."

அவர் அந்த மிசினில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. நான் சாய்ப்பின் ஓரத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மில்லுக்குப் போய் அரைமணி ஆகியிருந்தது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்கு நான் இன்னும் பிளக்கைப் பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். பொட்டு கீழே இருந்தது.

"அத்தை, சித்த இருங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் துண்டை இறுக்கிக் கட்டினார், சேலையைத் தூக்கிச் சொருகினார், அரிசியை அள்ளிக் கல்லில் போட்டார், தண்ணீர் தெளித்தார். இவ்வளவுக்கும் நான் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்றால், சத்தியமாக இல்லை. ஒரே ஒரு தடவை அவருக்குச் சுரீரென்று ஏற வேண்டும். ஒரு தடவை அவர் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்க்க வேண்டும். இதைத்தான் சொன்னாயா அம்மணி என்று கேட்க வேண்டும். அது போதும் எனக்கு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சுவிட்சைப் போட்டார். கல் சுற்ற ஆரம்பித்தது. குனிந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தார்.

கையை உதறவில்லை. உதற முடியவில்லை. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தை இல்லை. உடம்பு வெடவெடவென்று ஆடிற்று, கை மட்டும் இரும்பை விடவில்லை. நான் ஓடிப்போய் அமத்தினேன். உடனே எழுந்தேனா, ஒரு மூச்சு தாமதித்து எழுந்தேனா என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். தெரியவில்லை. அமத்தியதும் அவர் பக்கவாட்டில் சாய்ந்து, பொடக்காளிப் படியில் தோள் மோத விழுந்தார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது தோள் மட்டும் சரியாகவில்லை. டாக்டர் பார்த்தார், எலும்பு கட்டுகிறவரும் பார்த்தார். அந்தக் கை அதற்குப் பிறகு காதுக்கு மேலே ஏறவே இல்லை. கடைசிவரைக்கும் அவருக்குத் தலை வாரிக் கொண்டை போட்டுவிட்டது நான்தான்.

மில்லுக்கு ஆள் போய், என் கணவர் பாதி ஷிப்டில் ஓடி வந்தார். வந்த உடனே செய்த முதல் காரியம், மிசினுக்குத் தன் வைத்தியத்தைப் பார்க்காமல் வயர்மேனுக்குச் சொல்லி அனுப்பியது. நான் அத்தனை தரம் சொல்லியும் வராத வயர்மேன், என் மாமியார் ஒரு தடவை விழுந்ததும் ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார். நடுத்தர வயசு, நிதானமான மனிதர். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார், சாய்ப்புத் தரையைப் பார்த்தார்.

"இதுல எர்த்தே இல்லீங்களே" என்றார் என் கணவரிடம். "மோட்டாருக்குள்ள தண்ணி எறங்கியிருக்குது. இரும்பு முச்சூடும் கரண்டு நிக்குதுங்க."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்களே."

"ஓடுமுங்க. இது ரெண்டு கால் பிளக்குங்க. ஒரு பக்கமாச் சொருகுனா அடிக்கும், திருப்பிச் சொருகுனா அடிக்காது. ஒவ்வொருக்கா எடுத்துச் சொருகறப்ப, ஒருநாளைக்கு இப்படி உழுகும், ஒருநாளைக்கு அப்படி உழுகும்."

என் கணவர் தலையை ஆட்டினார். "ஆமாங்க. அது தெரிஞ்சதுதானுங்க" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்று திரும்பாமல் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிம்னி விளக்கு, காபி, புரையேறிய சிரிப்பு, எதுவுமே அவர் முகத்தில் இல்லை. மறந்தே போயிருந்தார்.

வயர்மேன் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதென்னங்க, ஒரு பக்கம் பொட்டு வெச்சிருக்குது?" என்றார்.

"சரசுவதி பூசைக்கு வெச்சதா இருக்கும்" என்றார் என் கணவர்.

வயர்மேன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று கால் பிளக் மாட்டினார். எர்த்துக்காகப் பொடக்காளியில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பியைப் புதைத்தார். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வேலை முடிந்து கை கழுவும்போதும் அவருக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. "ஏனுங்க, இத்தன நாளா இது யாருக்குமே அடிக்கலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் என் கணவர். "அடிச்சிருந்தா நான் உட்டிருப்பனுங்களா."

உள்ளறைக் கட்டிலில் இருந்து மாமியார் முனகலோடு, "ஒருநாளும் இல்ல. என்ற நேரம்" என்றார்.

வயர்மேன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெனமும் ஆட்டறது நீங்கதானுங்களே அம்மணி. உங்களுக்கு அடிக்கலீங்களா?"

என் கணவரும் திரும்பிப் பார்த்தார். உள்ளே முனகல் நின்றது. அந்த வீட்டுக்கு நான் வந்ததில் இருந்து, கரண்டு சமாச்சாரத்தில் ஒருவர் என்னைக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. பதில் என் வாய்க்குள் ஒரு வருஷமாகத் தயாராக இருந்தது. அடித்தது, சொன்னேன், சிரித்தார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் அந்த நிமிஷத்தில் கொட்டிவிடலாம். கொட்டினால் அடுத்த கேள்வி என்ன என்பதும் எனக்குத் தெரிந்தது. அடிக்கும் என்று தெரிந்துமா, கிழவி ஈரச் சேலையோடு தொடுகிற வரைக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்திருந்தாய்?

"இல்லீங்க" என்றேன். "எனக்கு ஒருநாளும் அடிச்சதில்லீங்க."

"உங்க நல்ல நேரமுங்க" என்று சொல்லிவிட்டு வயர்மேன் சைக்கிளை எடுத்தார். என் கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த வீட்டில் கரண்டைப் பற்றி நான் சொல்லி, மறுபேச்சில்லாமல் எல்லோரும் நம்பியது அந்த ஒன்றைத்தான்.